இரு மணிகளுக்கு நடுவே

(தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு, அச்சுக்காகச் செப்பம் செய்யப்பெற்றது)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் ஒரு பழைய நூலையோ, ஓர் அரச பரம்பரையையோ, ஓர் இலக்கணச் சிக்கலையோ எடுத்துக்கொண்டு விரித்துரைப்பது நம் சம்பிரதாயம். கொற்கைத் துறையும் முத்துக்குளித்தலும் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, அவற்றை விடுத்து, ஒரு சிறிய கலைக் கல்லூரியில் பயிலும் மாணவரின் அன்றாட வாழ்வை இன்று பேசுபொருளாகக் கொண்டதற்கு நான் சமாதானம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். கல்லூரிகளின் சரித்திரங்களை வாசிக்கும்போது, நிறுவியவர்களின் திருநாமங்களும், கட்டடங்களுக்கு அஸ்திவாரம் இட்ட தேதிகளும், தேர்ச்சி விகிதங்களும் மிகுந்த சிரத்தையோடு குறிக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். அங்கே பயின்றவர்கள் காலையில் எந்த வண்டியில் வந்து இறங்கினார்கள், நண்பகலில் யாரோடு அமர்ந்து சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார்கள், மாலையில் எதன் பொருட்டு அவ்வளவு அவசரமாக வீடு திரும்பினார்கள் என்பனவற்றுக்கு அச்சரித்திரங்களில் ஒரு பக்கமும் ஒதுக்கப்படவில்லை.

விட்டுப்போன அந்தப் பக்கத்திலேதான் கல்வியின் பெரும்பகுதி நடந்தேறுகிறது என்பது என் துணிபு. இன்று நான் நிலைநாட்ட விரும்புவது ஒரே ஒரு கருத்து: இத்தகைய கடற்கரை ஊர்களின் கலைக் கல்லூரிகளில், ஒரு பாடவேளை முடிந்து மற்றொன்று தொடங்குமுன் மாணவர்க்கு வாய்க்கும் பொதுநேரமே கல்லூரியைக் கல்லூரியாக்குகிறது, அந்நேரத்தைக் குறைக்கும் ஏற்பாடு எதுவாயினும், எத்துணை நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதாயினும், அது கல்வியையே குறைப்பதாகும்.

1

இக்கரையில் உயர்தரக் கலைக்கல்வியின் சரித்திரம் விடுதியில் தொடங்குகிறது. 1842ஆம் ஆண்டில் சாயர்புரத்துக்கு வந்து சேர்ந்த ஜி.யு.போப், பின்னாளில் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்து புகழ்பெற்ற அதே போப், இருபத்திரண்டு வயது இளைஞராக அங்கே ஏற்படுத்திய செமினரியில், பனங்காட்டு ஓரத்துப் பிள்ளைகள் இலத்தீனும் கிரேக்கமும் பயின்றார்கள். துயிலெழுவது முதல் விளக்கணைப்பது வரை அவர்களுடைய நாள் முழுவதும் அந்த ஸ்தாபனத்தின் மணியோசைக்குக் கட்டுப்பட்டிருந்தது. கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கிய செமினரியும் இத்தன்மையதே. கணிதமும் வானசாஸ்திரமும் தமிழும் சமஸ்கிருதமும் ஒரே கூரையின் கீழ்ப் பயிற்றப்பட்ட அவ்விடத்திலிருந்து வந்தவரே, 1857இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற்பட்டதாரிகளுள் ஒருவராகத் தேறிப் பின்பு கலித்தொகையை அச்சேற்றிய சி.வை.தாமோதரம் பிள்ளை.

மாணவனை வீட்டினின்றும் ஊரினின்றும் பிரித்தெடுத்துப் புதிதாக உருவாக்கிவிட வேண்டும் என்னும் எண்ணம் அவ்விடுதிகளுக்கு அடிப்படையாக இருந்தது. அவ்வெண்ணத்தை நான் அங்கீகரிக்கவில்லை; வீட்டை மறக்கச் செய்யும் கல்வி இம்மண்ணில் வேரூன்றாது. ஆயினும், உண்ணும் நேரமும் உலவும் நேரமும் உரையாடும் நேரமும் கல்விக்குரிய நேரங்களே என்பதை அம்மனிதர்கள் ஐயமற அறிந்திருந்தார்கள் என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சாயர்புரத்துச் செமினரி 1880இல் கல்லூரியாக உயர்ந்து, 1883இல் பிஷப் கால்டுவெல்லின் முயற்சியால் தூத்துக்குடிக்கு இடம்பெயர்ந்து, அவர் பெயரையே தாங்கிப் பத்தாண்டுகளுக்குச் சற்று மேல் நடைபெற்று மறைந்தது. 1876இல் இருப்புப்பாதையைக் கண்ட துறைமுகம் இது; 1888இல் பஞ்சாலை எழுந்த ஊர் இது; 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியும் 1908இல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தமும் பிறந்த ஊர் இது. இத்தனை இருந்தும், கால்டுவெல் கல்லூரி மறைந்தபின் பட்டப்படிப்புக்காக இவ்வூர்ப் பிள்ளைகள் பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் அதற்கப்பாலும் போக வேண்டியிருந்தது. அவ்விதம் போய்த் தங்கிப் படிக்க எந்தக் குடும்பத்துக்குச் சக்தி இருந்தது, எதற்கு இல்லை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பின்னர் 1948இல் பெண்களுக்கென்று தூய மரியன்னை கல்லூரியும், 1951இல் வ.உ.சிதம்பரம் கல்லூரியும் தோன்றின. மகளிர் கல்லூரி மூன்றாண்டு முந்திப் பிறந்தது என்பது இந்நகரம் மறவாதிருக்க வேண்டிய செய்தி. 1962இல் சாயர்புரத்திலே போப் கல்லூரியும், 1966இல் காமராஜ் கல்லூரியும், 1974இல் ஏ.பி.சி. மகாலட்சுமி மகளிர் கல்லூரியும் எழுந்தன. திருச்செந்தூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் நாசரேத்திலும் காயல்பட்டினத்திலும் கல்லூரிகள் உண்டாயின. இவற்றின் வருகையால் நேர்ந்த பெரிய மாற்றம், கல்லூரி பேருந்துத் தொலைவுக்குள் வந்துவிட்டது என்பதே. விடுதிக்கு ஒருநாளும் அனுப்பப்பட்டிராத உப்பளத் தொழிலாளியின் மகள், காலையில் புறப்பட்டுப் பொழுதுசாயுமுன் வீடு திரும்பலாம் என்ற காரணத்தினாலேயே பட்டதாரியானாள். அதே சமயத்தில், போப்பின் மாணவனுக்குக் கிடைத்த முழுநாளில் கால்பங்கே அவளுக்குக் கிடைத்தது. ஆகவே அந்தக் கால்பங்கு நாளில் ஒவ்வொரு நாழிகையும் விலையுயர்ந்ததாயிற்று.

2

அம்மாணவி எந்த வீட்டிலிருந்து வருகிறாள் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சர்வகலாசாலைக்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு: ஜூன் முதல் நவம்பர் வரை ஒரு பருவம், டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மற்றொன்று, ஒவ்வொன்றின் முடிவிலும் பரீட்சை. இக்கரைக்கும் தனியே ஒரு பஞ்சாங்கம் உண்டு. இவ்விரண்டும் ஒன்றையொன்று கலந்தாலோசித்து எழுதப்பட்டவை அல்ல.

விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை விதிக்கப்பட்ட காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாட்கள். மீன்கள் இனம் பெருகுவதற்காக ஏற்பட்ட அவசியமான தடை அது. 2017 முதல் முன்னிருந்த 45 நாட்களினின்றும் நீட்டிக்கப்பட்டது. அதன் பலனை வருங்காலக் கடல் அனுபவிக்கும்; அதன் சுமையை அவ்வாண்டின் மீனவக் குடும்பம் தாங்குகிறது. படகுகள் கரையில் கட்டப்பட்டு, வீட்டில் வரும்படி நின்றுபோன அதே வாரங்களில்தான் மகன் பருவத்தேர்வு எழுதுகிறான். தடை நீங்கி முதல் வலை இறங்குவதற்கும் அடுத்த ஆண்டின் கட்டணத்தைச் செலுத்துவதற்கும் இடையே அவகாசம் பெரிதாக இருப்பதில்லை.

உப்பளத்தின் கதை இதற்கு நேர்மாறானது. வெயில் ஏற ஏற உப்பு விளையும். கோடையில் வேலை உண்டு, கூலி உண்டு. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் நீரில் முழுகுகின்றன. ஐப்பசி தொடங்கி மாதக்கணக்கில் வேலை இல்லை. தமிழக அரசு அண்மை ஆண்டுகளில் உப்பளத் தொழிலாளர்க்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கிவருவது இதனை உணர்ந்தே. அப்படியானால் மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு ஏப்ரல் பரீட்சையும், உப்பளத்து வீட்டுப் பிள்ளைக்கு நவம்பர் பரீட்சையும், பசியின் பக்கத்தில் அமர்ந்து எழுதப்படுகின்றன. ஒரே பெஞ்சில் அருகருகே இருக்கும் இருவரில் ஒருவர் வீட்டில் அடுப்பு நன்றாக எரியும் மாதத்தில் மற்றவர் வீட்டில் எரிவதில்லை. இதை அறியாத ஆசிரியர், ஏப்ரலில் சோர்ந்திருக்கும் மாணவனைச் சோம்பேறி என்றும், நவம்பரில் வராமல் நின்றுவிடும் மாணவியை அலட்சியக்காரி என்றும் கருதிவிடக் கூடும்.

பெண்பிள்ளையின் காலைப்பொழுது இன்னும் கடினமானது. வெயிலுக்கு அஞ்சித் தாயார் விடியுமுன்னரே அளத்துக்குப் போய்விடுவதால், உலை வைப்பதும், தண்ணீர் பிடிப்பதும், தம்பி தங்கையரைப் பள்ளிக்கு அனுப்புவதும் அவளுடைய கடன்களாகின்றன. இவ்வளவையும் முடித்துவிட்டே அவள் நோட்டுப் புத்தகத்தைத் தேடுகிறாள். சாதாரணப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை என்னும் 2021ஆம் ஆண்டின் ஏற்பாடும், அரசுப் பள்ளிகளில் பயின்று வந்த மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப்பெண் திட்டமும் இவ்வீடுகளில் என்ன ஆறுதலைத் தந்திருக்கின்றன என்பதை நகரத்து விமரிசகர்கள் அறியமாட்டார்கள். அந்த ஆயிரம் ரூபாயில் புத்தகமும் வாங்கலாம், வீட்டுக்கு அரிசியும் வாங்கலாம். இரண்டுமே கல்விச் செலவுதான்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணிக் கரையெங்கும் வெள்ளம் புகுந்தபோது, அளங்களில் அம்பாரமாகக் குவித்திருந்த உப்பு கரைந்தது. வீடுகளில் புத்தகங்களும் சான்றிதழ்களும் நனைந்து அழிந்தன. அந்த வெள்ளத்துக்குப் பின் எந்த மாணவர் எதை இழந்தார் என்று தெரிந்துகொண்டிருந்த கல்லூரி சிறிய கல்லூரியாகவே இருக்க முடியும். சிறிய கல்லூரியின் பெருமை அதன் கட்டடத்தில் இல்லை. பெயரைச் சொன்னால் வீட்டைச் சொல்லக்கூடிய ஆசிரியர் அங்கே இருக்கிறார் என்பதில் இருக்கிறது. அந்தப் பரிச்சயம் வருகைப் பதிவேட்டை வாசிப்பதால் உண்டாவதன்று. மணி அடித்தபின், வகுப்பறை வாசலில் நின்று, "உங்க அம்மாவுக்கு இப்ப அளத்துல வேலை இருக்கா, தாயீ?" என்று கேட்பதால் உண்டாவது.

3

இனிப் பேருந்துக்கு வருகிறேன். ஏரலிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும், ஓட்டப்பிடாரத்திலிருந்தும் குளத்தூரிலிருந்தும், வேப்பலோடையிலிருந்தும் வேம்பாற்றிலிருந்தும் காலையில் வரும் வண்டிகளில், மாணவர்கள் ஊர் ஊராக ஏறுகிறார்கள். ஏறியவர்கள் ஊர் ஊராகவே நிற்கிறார்கள். தென்மாவட்டங்களில் ஊர் என்றால் தெரு, தெரு என்றால் சாதி என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறு எதைக் குறிக்கிறது என்பது எல்லோர்க்கும் தெரியும். பள்ளிகளில் அது கூடாது என்று நீதியரசர் சந்துரு குழு 2024இல் பரிந்துரைக்க நேர்ந்தது நம் அனைவர்க்கும் வெட்கத்துக்குரியது. ஆக, மாணவரின் நாளில் பயணநேரம் பெரும்பாலும் பிரித்துவைக்கும் நேரமாகிவிடுகிறது. வகுப்புநேரமோ மௌனமாக அமர்ந்து கேட்கும் நேரம். அருகில் இருப்பவர் யார் என்று அறிய அங்கே வாய்ப்பில்லை. பின்னர் எஞ்சுவது எது? இடைவேளையும் நண்பகலும் மட்டுமே.

அந்த நேரத்தில் தாழ்வாரத்தில் நடப்பதை நான் பல்லாண்டு பார்த்திருக்கிறேன். குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மனுக்கு மாலையணிந்து, தசராவில் வேடங்கட்ட விரதமிருக்கும் செவ்வாடை மாணவன். ஜூலை 26இல் பனிமய மாதா கோவிலில் கொடியேறியது முதல் ஆகஸ்ட் 5 வரை மாலைதோறும் ஆலயத்துக்குப் போய்வரும் பரதவர் வீட்டுப் பெண். நோன்பு நாட்களில் நண்பகல் உணவை மறுத்து, மற்றவர்கள் உண்ணும்போது பேச்சுத்துணையாக மட்டும் அமர்ந்திருக்கும் காயல்பட்டினத்து மாணவி. இவர்களுடைய பாட்டனார்கள் ஒரே சந்தையில் வியாபாரம் செய்தவர்கள். ஒரே திண்ணையில் அமர்ந்தவர்கள் அல்லர். பேரப்பிள்ளைகள் ஒரே படிக்கட்டில் அமர்ந்து, "உன் விரதம் எத்தனை நாள்? இதெல்லாம் சாப்பிடலாமா?" என்று ஒருவரையொருவர் கேட்டுத் தெரிந்துகொள்ளுகிறார்கள். சாளைக் குழம்பும் நெத்திலிக் கருவாடும் கத்தரிக்காய்க் கூட்டும் கைமாறுகின்றன. சோற்றைப் பங்கிட்டால் சாதி அழிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. மாலை வண்டியில் ஏறியதும் பலருக்குப் பழைய முகம் திரும்பிவிடுவதையும் கண்டிருக்கிறேன். ஆயினும், அந்த அரைமணி நேரமும் இல்லாமற் போனால் அவர்கள் ஒருவரையொருவர் அறியாமலேயே பட்டம் பெற்றுப் போய்விடுவார்கள் என்பதும் நான் கண்ட உண்மை.

4

இந்தச் சகவாசம் ஒழுக்கத்துக்கு நல்லதாயினும் படிப்புக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். நம்முடைய பட்டப்படிப்பிலே பழைய பரந்த கல்வியின் ஓர் எச்சம் இன்னும் இருக்கிறது. வேதியியல் பயில்வோரும் வணிகவியல் பயில்வோரும் பகுதி ஒன்றில் தமிழும், பகுதி இரண்டில் ஆங்கிலமும் படித்தாக வேண்டும். இயற்பியல் மாணவன் நெய்தல் திணைப் பாட்டைப் படிக்கிறான். வகுப்பில் ஆசிரியர் பொருள் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். மணி அடித்தபின், அப்பாட்டில் வரும் காற்றைப்பற்றி, திரேஸ்புரத்துப் பிள்ளை ஒருவன் தன் தகப்பனார் கச்சான் என்றும் வாடை என்றும் கொண்டல் என்றும் பகுத்துச் சொல்வதை எடுத்துரைக்கிறான். அப்போதுதான் அந்தப் பாட்டு அவர்கள் அனைவர்க்கும் விளங்குகிறது.

விலங்கியலுக்கு வருவோம். முத்துச்சிப்பியின் உடலமைப்பைப் படத்தில் வரைந்து பழகும் மாணவர்களுடைய ஊரின் எதிரேதான் தொலையிரம் பார் முதலிய முத்துப் பார்கள் கடலடியில் கிடக்கின்றன. 1955 முதல் தொடர்ந்து நடந்த முத்துக்குளிப்பு 1961இல் ஓய்ந்தது. அதன்பின் இக்கரையில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நிகழவில்லை. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973இல் இதோ இருக்கும் வேப்பலோடையில் முத்தை வளர்த்தெடுத்துக் காட்டினார்கள். சங்கு குளிப்போர் இன்றும் கடலுக்குச் செல்கிறார்கள். சங்கு குளிப்பவரின் மகன் வகுப்பில் இருக்கும்போது, மெல்லுடலிகளைப் பற்றிய பாடத்தில் ஆசிரியரும் சில செய்திகளைக் கேட்டுக்கொள்ள வேண்டியவராகிறார்: எந்தத் தரையில் சங்கு படியும், கலங்கல் வந்தால் எத்தனை நாள் கண் தெரியாது, முன்பு கிடைத்த இடங்களில் இப்போது ஏன் கிடைப்பதில்லை. இவ்வினாக்கள் பாடத்திட்டத்தில் இல்லை. ஐம்பது நிமிஷ வகுப்பில் கேட்கப்படுவதற்கு இடமும் இல்லை. அவை நடைவழியில் கேட்கப்படுகின்றன. தன் வீட்டுத் தொழிலில் அறிவு இருக்கிறது என்றும், அது ஆசிரியர் நின்று கேட்கத்தக்கது என்றும் ஒரு மாணவன் முதன்முறையாக உணரும் இடம் அந்த நடைவழி. படிப்பு என்றாலே தகப்பன் தொழிலை மறைத்துக்கொள்வது என்று எண்ணி வந்தவனுக்கு, இதைக் காட்டிலும் பெரிய வித்தையை நாம் எதில் கற்பிக்கப் போகிறோம்?

தமிழ் மன்றமும், முத்தமிழ் விழாவும், கையெழுத்துப் பத்திரிகையும், காந்தியடிகளின் நூற்றாண்டில் 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் கிராம முகாமும் இத்தகைய உதிரி நேரங்களிலேதான் திட்டமிடப்பட்டு, ஒத்திகை பார்க்கப்பட்டு, நடைபெற்றன. மேடையில் நின்று நாலு வார்த்தை பேசப் பழகியவர்கள் பலர், அந்தப் பழக்கத்தை வகுப்பில் பெறவில்லை.

5

இவ்வளவும் சொன்னபின், என் கவலையைச் சொல்கிறேன். நம் மாநிலத்து அரசுக் கலைக் கல்லூரிகள் பலவற்றிலும், உதவிபெறும் கல்லூரிகளின் சுயநிதிப் பிரிவுகளிலும் காலைச் சுழற்சி, மாலைச் சுழற்சி என்று நாளை இரண்டாக அறுத்து நடத்துகிறோம். ஒரு கூட்டம் வெளியேறும்போது மற்றொரு கூட்டம் உள்ளே வருகிறது. இரண்டுக்கும் நடுவே வகுப்பறைக்கு ஓய்வில்லை, மாணவர்க்குத் தாழ்வாரமில்லை. நண்பகல் உணவு நேரம் என்பதே பலருடைய நாளில் இல்லை. கடைசி மணி அடித்ததும் வண்டியைப் பிடிக்க ஓடுகிறார்கள். வண்டியில் மறுபடியும் ஊர் ஊராக நிற்கிறார்கள்.

இதற்குச் சொல்லப்படும் நியாயங்களை நான் இலேசாகத் தள்ளவில்லை. இரு சுழற்சியினால் இடங்கள் பெருகின. இடமின்றித் திரும்பியிருக்க வேண்டிய ஆயிரக்கணக்கானோர் படிக்கிறார்கள். அரைநாள் கல்லூரியும் அரைநாள் வேலையுமாக ஏழைப் பிள்ளை வீட்டைத் தாங்க முடிகிறது. துணிக்கடையிலும் கணக்குப்பிள்ளை அலுவலகத்திலும் மாலையில் நிற்கும் நம் மாணவர்களை இந்நகரத்தின் கடைவீதிகளில் நீங்கள் நாள்தோறும் காணலாம். ஆகவே இடங்களைக் குறைக்க வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். அவ்விதம் கேட்பவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு முன்பே இடம் பெற்றவர்களாக இருப்பார்கள். நான் கேட்பது வேறு. கட்டடத்தை நிரப்பும் கணக்கைப் போடுகிறவர்கள், அதே சிரத்தையோடு இடைவேளைக் கணக்கையும் போட வேண்டும். வாரத்தில் இரண்டு நாளேனும், இரு சுழற்சியினரும் சந்திக்கும்படி ஒரு மணி நேரத்தைப் பாடமின்றி விட வேண்டும். அந்நேரத்தைச் சிறப்பு வகுப்புக்கோ, வேலைவாய்ப்புப் பயிற்சிக்கோ, எங்களைப் போன்றோரின் சொற்பொழிவுக்கோ எடுத்துக்கொள்ளலாகாது. கட்டணத்தின் கெடுவை மீன்பிடித் தடைக்காலத்துக்கும் மழைக்காலத்துக்கும் வெளியே தள்ளிவைப்பதற்குச் சர்வகலாசாலையின் அனுமதிகூட வேண்டியதில்லை; கல்லூரி அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கை போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நூலகத்தைப்பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் மேசையும் தனியறையும் இல்லாத மாணவருக்கு நூலகம் ஒன்றே இடம். அது அவர் வகுப்பில் இருக்கும் நேரத்தில் திறந்திருந்து, அவர் வெளியே வரும் நேரத்தில் பூட்டப்படுமானால், அதனுள் இருக்கும் நூல்களின் தொகையைச் சொல்லிப் பெருமைப்படுவதற்கு நமக்கு உரிமையில்லை. கடைசி வண்டி புறப்படும் வரை அது திறந்திருக்க வேண்டும்.

இதற்குத் தடையாகச் சொல்லப்படுவது பணம். மாலைநேரத்தில் இருந்து கவனிக்க ஓர் ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும் என்கிறார்கள். அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவாளரை அழைத்து, பொன்னாடை போர்த்தி, வழிச்செலவும் சன்மானமும் தந்து, உரையை அச்சிட்டு வழங்குகிறீர்கள். இந்த ஆண்டு எனக்குத் தருவதாக இருந்த சன்மானத்தை நான் பெற்றுக்கொள்ளவில்லை. அதனையும், இனிவரும் ஆண்டுகளில் வட்டித் தொகையில் ஒரு பங்கையும் சேர்த்து, இக்கல்லூரி நூலகத்தில் மாலைநேர உதவியாளர் ஒருவரை நியமித்துத் தாருங்கள். இக்கல்லூரியில் படித்து வெளிவந்து வேலைக்குக் காத்திருக்கும் பட்டதாரி ஒருவருக்கே அப்பணியைக் கொடுங்கள்.